எழுபத்தொரு கிலோ

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். மாமா சுகம். முட்டிவலியை நாங்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம், ஆளுக்கு ஒரு கால். உனக்கு எப்படி இருக்கிறது? சனிக்கிழமை டயாலிசிஸ் மெஷினில் படுத்திருந்தபோது நடுங்கினாயே, உன் வீட்டுக்காரியிடம் சொல்லி ஒரு போர்வை எடுத்துக்கொண்டு போ. ஆஸ்பத்திரிப் போர்வை கொசுவலைக்குக்கூட ஆகாது.

அந்த டாக்டர் சொன்னதை நினைத்தால் இன்னும் காது கூசுகிறது. ரத்தம் பொருந்துகிறதாம், மற்ற பரிசோதனைகளும் பொருந்துகின்றனவாம், என் சிறுநீரகம் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றனவாம். ஆனால் ஆள் எண்பத்துநாலு கிலோ. "எழுபத்தொண்ணுக்கு வாங்கம்மா. சர்க்கரையும் எல்லையில நிக்குது, அதுவும் இறங்கணும். அப்புறம் தாராளமா தம்பிக்கு ஒண்ணு குடுக்கலாம்" என்றார். உன் உயிருக்கும் எனக்கும் நடுவில் என் தொப்பைதான் நிற்கிறது என்று இதைவிடப் பட்டவர்த்தனமாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. அத்தனை பேர் முன்னால் எனக்கு உயிரே போய்விட்டது.

சரி, போகட்டும். நாளையிலிருந்து ஒரு வேளைதான் சாப்பாடு. தொழிற்சாலை கேண்டீனில் முந்நூறு பேருக்குச் சமைத்துப் போடுகிறவள் பட்டினி கிடந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டே மாதம். மார்ச்சில் வந்து படுத்துவிடுகிறேன், எடுத்துக்கொள்ளட்டும்.

போனில் பேசினால் நான் அழுதே தொலைக்கிறேன், நீயும் வைத்துவிடுகிறாய். அதனால் கடிதம்தான். பதில் போடு. உப்பைக் குறை.

உன் அக்கா

---

ஜனவரி 20

அக்காவுக்கு,

மாமாவுக்கும் உனக்கும் வணக்கம். கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். போர்வை எடுத்துப்போகிறேன்.

இதை மெஷினில் படுத்தபடிதான் எழுதுகிறேன். இடது கையில் ஊசி குத்தியிருக்கிறது, வலது கை வேலையில்லாமல் கிடக்கிறது. வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். இனி அந்தக் கை உனக்குத்தான்.

இருபத்தெட்டு வருஷம் எடைமேடையில் லாரிகளை ஏற்றி இறக்கினேன். இப்போது ஒரு நர்ஸ் பெண் என்னை ஏற்றி இறக்குகிறாள். வரும்போது சரக்கோடு ஐம்பத்தேழு, போகும்போது வெறும் வண்டி ஐம்பத்துநாலு. நடுவில் மூன்று கிலோ தண்ணீர். உனக்குச் சோறு அளவு, எனக்குத் தண்ணீர் அளவு. ஒரு நாளைக்கு நாலு டம்ளர், அதில் மாத்திரை விழுங்குகிற தண்ணீரும் சேர்த்தி. அம்மா பார்த்தால், "என் வயித்துல ரெண்டு தராசு பொறந்திருக்கு" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒன்று மட்டும் கேள். பட்டினி கிடக்காதே. உன் சமையல்கட்டில் கொதிக்கிற அண்டா இருக்கிறது, மயங்கி அதன்மேல் விழுந்தால் எனக்கு யார் தருவார்கள்? அங்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் இருப்பார், போய்ப் பார். ஒரு ஒப்பந்தம் போடுவோம். உன் எடையை நீ எழுது, என் எடையை நான் எழுதுகிறேன். ஒளிவுமறைவு கூடாது.

அவசரமே இல்லை, பூசணிக்காய். மெஷின் என்னைப் பார்த்துக்கொள்ளும்.

உன் குண்டூசி

---

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நலமா? இங்கே மாமா நலம். என் கதையைக் கேள், ஆனால் திட்டக்கூடாது.

நீ சொன்ன மாதிரியே விழுந்தேன். அண்டாவில் இல்லை, அரிசி மூட்டைமேல். பதின்மூன்று நாள் ஒரு வேளை தின்றதில் நாலு கிலோ இறங்கியதென்று பெருமையாக இருந்தேன். கண்விழித்தால் பாத்திரம் கழுவுகிற அம்மா என் முகத்தில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பிறகு உணவு ஆலோசகரிடம் போனேன். என் மகள் வயசுதான் இருக்கும், ஆனால் வாய் இருக்கிறதே! "நீங்க குறைச்சது கொழுப்பு இல்லம்மா. தண்ணியும் சதையும்தான் போயிருக்கு. இப்படிக் கிடந்தா ஆபரேஷனுக்கு உடம்புல தெம்பு எங்க இருக்கும்? பழையபடி சாப்பிட்டதும் மொத்தமும் திரும்ப வந்துடும்" என்றாள். வந்தும்விட்டது. மறுவாரமே எண்பத்துமூன்று.

பிறகு உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி, மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், பருப்பும் முட்டையும் காயும் கூடுதல், சோறு ஒரு கிண்ணம். தினம் முக்கால் மணி நேரம் கைவீசி நடை. வாரம் அரைக்கிலோ இறங்கினால் போதுமாம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாதாம். எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும்.

எழுதினேன்டா. நாலு வாரமாக ஒரு பருக்கை விடாமல் எழுதினேன். தொழிற்சாலைச் சுவரைச் சுற்றி நடக்கிறேன், வாட்ச்மேன் என்னைப் பார்த்து சல்யூட் அடிக்கும் அளவுக்கு. எடை மெஷினில் ஏறினால் எண்பத்துமூன்று. அடுத்த வாரமும் எண்பத்துமூன்று. நேற்று ஆலோசகர் என்னை ஒரு பார்வை பார்த்தாள், "உண்மையா எல்லாம் எழுதறீங்களா?" என்று. திருடியைப் பார்க்கிற மாதிரி. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். என் உடம்பே உன்னைக் கொல்லப் பார்க்கிறது.

நோட்டின் நாலு பக்கத்தைப் பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ கணக்கில் கெட்டி, எங்கே தப்பு என்று பார். உன் எடை எவ்வளவு?

உன் அக்கா

---

மார்ச் 24

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆசை. உன் நாலு பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன். எழுதியதில் தப்பே இல்லை. எழுதாததில்தான் இருக்கிறது.

எடைமேடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, டிரைவர் இறங்கினானா என்று பார் என்பதுதான். வெறும் வண்டியை எடை போடும்போது இறங்கி நிற்பான், சரக்கோடு வரும்போது சாவகாசமாக உள்ளே உட்கார்ந்திருப்பான். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஏமாற்ற நினைத்திருக்கக்கூட மாட்டான். அவன் எப்போதும் வண்டியில் இருக்கிறவன், அவனை யார் சரக்கு என்று நினைப்பார்கள்?

நீ முந்நூறு பேருக்குச் சமைக்கிறாய். குழம்பில் உப்பு பார்க்கிறாய், கூட்டில் காரம் பார்க்கிறாய், வறுவல் மொறுமொறுப்பா என்று ஒன்றை எடுத்து வாயில் போடுகிறாய். மூன்று வேளைக்கும். நோட்டில் அது எங்கே? ஒரு வரி இல்லை. அந்தக் கரண்டியில் எண்ணெய் மிதக்கிறதே அக்கா, அதற்கு மட்டும் நூறு கலோரிக்கு மேல். பதினைந்து தடவை ருசி பார்த்தால் நீ நடந்த நடை மொத்தமும் வாய்க்குள் போய்விட்டது.

உனக்கு அது சாப்பாடாகத் தோன்றவில்லை, வேலையாகத் தோன்றியிருக்கிறது. உன்மேல் தப்பில்லை. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல். நீ திருடி இல்லை.

எனக்கு ஐம்பத்துநாலு. போன வாரம் நெஞ்சில் ஜெல் தடவி இதயத்தைப் படம் எடுத்தார்கள். அறுவைக்கு முன்னால் வழக்கமாக எடுப்பதாம். ஒன்றும் இல்லை. நீ மெதுவாகவே குறை. வாரம் அரைக்கிலோவுக்கு மேல் போனால் நான் கோபிப்பேன்.

உன் குண்டூசி

---

மே 6

என் தங்கத் தம்பிக்கு,

நீ நல்லா இருப்பாய்! டிரைவர் இறங்கிவிட்டான்!

ருசி பார்க்கிற வேலையைப் பாத்திரம் கழுவுகிற அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் எலும்பும் தோலுமாக இருந்தவள், இப்போது கன்னம் வைத்திருக்கிறது. முதல் வாரம் அவள் உப்பு சரியென்று சொன்ன குழம்பைத் தொழிலாளர்கள் வாயில் வைத்துவிட்டு என்னைத் தேடிவந்தார்கள். "அக்கா, கடல்ல இருந்து நேரா மொண்டு ஊத்திட்டீங்களா?" என்றான் ஒருவன். இப்போது தேறிவிட்டாள்.

எழுபத்தெட்டரை! ஆறே வாரத்தில் நாலரைக் கிலோ. உடனே கோபிக்காதே, ஆரம்பத்தில் கொஞ்சம் வேகமாகத்தான் இறங்கும் என்று ஆலோசகரே சொன்னாள். அன்று அப்படிப் பார்த்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். சர்க்கரையும் இறங்குகிறது. இரண்டு நாள் ஆசைப்பட்டு இனிப்பு தின்றேன், அதையும் நோட்டில் எழுதினேன். "ஒரு நாள் கூடினா மறுநாள் பட்டினி கிடக்காதீங்க, வழக்கம்போல சாப்பிட்டு வழக்கம்போல நடங்க" என்றாள். மாமாவும் கூட நடக்க வருகிறார், பத்தடி பின்னால். "நீ முன்னாடி போ, நான் விழுந்தா தூக்கிட்டுப் போக ஆள் வேணும்ல" என்கிறார்.

சுற்றுக்கு ஒரு நாள் என்று எண்ணிக்கொண்டு நடக்கிறேன். இந்தச் சுற்று தம்பிக்கு ஒரு நாள், இந்தச் சுற்று இன்னொரு நாள். யாரிடமும் சொல்லிவிடாதே, சிரிப்பார்கள்.

ஏப்ரல் முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நான் இரண்டு கடிதம் போட்டேன். தபால்காரனைக் குறை சொல்லாதே, அவன் நல்லவன். டாக்டரிடம் கேட்டு ஒரு தேதி எழுது. இதயத்துப் படம் என்னவாயிற்று? அதையும் எழுது.

உன் அக்கா

---

ஜூன் 11

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறதென்று பயப்படாதே. இடது கை நரம்பு அடைத்துக்கொண்டது, ஊசியை வலது கைக்கு மாற்றியிருக்கிறார்கள். இது இடது கையின் கைவரிசை. சின்ன வயசில் இடது கையால் எழுதினால் ஸ்கேலால் அடிப்பாயே, இப்போது அடி பார்க்கலாம்.

எழுபத்தெட்டரை என்று படித்ததும் வார்டில் எல்லாருக்கும் சொன்னேன். பக்கத்துப் படுக்கைக்காரர் கை தட்டினார். எனக்கு ஐம்பத்துநாலு, மாற்றமில்லை.

தேதி இன்னும் முடிவாகவில்லை. அவசரமே இல்லை என்கிறார்கள். சர்க்கரை எவ்வளவு என்று எண் போட்டு எழுது, "இறங்குகிறது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் என்ன அர்த்தம்? ரத்த அழுத்தமும் எழுது. முட்டிவலி எப்படி?

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். எழுபத்தொன்று வந்த பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, நடையை விட்டுவிடுவாயா? ருசி பார்ப்பதை மறுபடியும் நீயே எடுத்துக்கொள்வாயா? யோசித்து எழுது.

கை வலிக்கிறது.

தம்பி

---

ஆகஸ்ட் 8

என் தம்பிக்கு,

எழுபது கிலோ எண்ணூறு கிராம்!

மூன்று தடவை ஏறி இறங்கினேன். செருப்பைக் கழற்றி ஒரு தடவை, வளையலைக் கழற்றி ஒரு தடவை. கீழே இறங்கவே மனசில்லை. ஆலோசகர் கட்டிப்பிடித்தாள், நான் அழுதேன், அவளும் அழுதாள், வரிசையில் நின்ற ஒரு பெரியவர் "என்னம்மா, யாரு போயிட்டா?" என்றார். "போகலைங்க, இருக்கப் போறான்" என்றேன்.

சர்க்கரை வெறும் வயிற்றில் தொண்ணூற்றாறு. ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. கேட்டபடி எண் போட்டுவிட்டேன், போதுமா? முட்டிவலியை முழுதாக மாமாவிடமே ஒப்படைத்துவிட்டேன். கேண்டீன் மாடிப்படியில் சுவரைப் பிடிக்காமல் ஏறுகிறேன்.

நடையை விடுவாயா என்று கேட்டாய். இது என்ன கேள்வி? உனக்குக் கொடுத்த பிறகு மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாதாம், அதற்கப்புறம் பார்க்கலாம். எனக்காக நடக்க எனக்கு என்ன தலையெழுத்து!

இரண்டு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி கிளம்புகிறோம். டாக்டரிடம் சொல்லிவை.

உன் அக்கா

---

ஆகஸ்ட் 16

அக்கா,

இதை நாலு நாளாக எழுதுகிறேன். உட்கார்ந்து படி. மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

மார்ச்சில் எடுத்த படத்தில், என் இதயம் நாலில் ஒரு பங்குக்குத்தான் வேலை செய்கிறது என்று தெரிந்தது. இந்த நெஞ்சோடு அறுவை மேஜையில் ஏற்ற முடியாது, ஏற்றினால் இறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மருந்து கொடுத்து மே மாதம் மறுபடியும் பார்த்தார்கள். இன்னும் இறங்கியிருந்தது. அறுவைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். உன் சிறுநீரகம் எனக்கு வேண்டியதில்லை அக்கா. மார்ச்சில் அவர்கள் சொன்னதைத்தான் ஏப்ரல் முழுக்க உனக்கு எழுதிப் பார்த்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஐம்பத்துநாலு என்று எழுதியதும் பொய். நாற்பத்தாறு.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். ஜனவரியில் நீ வெளியே போன பிறகு டாக்டர் என்னிடம், "அக்கா இப்படியே போனா ரெண்டு மூணு வருஷத்துல சர்க்கரைதான். உங்க வழியில வந்து நிப்பாங்க" என்றார். அம்மா சர்க்கரையில் போனாள். எனக்குச் சிறுநீரகம் போனதும் அதில்தான். அடுத்தது உன் முறை. இந்த மெஷினில் என் பக்கத்தில் நீ படுத்திருக்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

உனக்காகச் செய் என்று சொன்னால் செய்வாயா? உன்னை எனக்குத் தெரியாதா? அப்பா போன நாளிலிருந்து நீ எனக்காக, பிறகு மாமாவுக்காக, மகளுக்காக, முந்நூறு பேருக்காக. எனக்குத் தரத்தான் குறைக்கிறாய் என்றால், இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் உன் எண் இறங்க இறங்க எனக்குச் சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம்.

பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. விடுப்பெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறாய். என்னைத் திட்டு. ஆனால் நடையை நிறுத்தாதே.

தம்பி

---

செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நிலைமையை மறைக்க எனக்குத் தெம்பில்லை. உங்கள் தம்பி சொன்னாரென்று நானும் உங்களிடம் மறைத்தேன், அந்தப் பாவம் என்னையும் சேரும்.

அந்தக் கடிதம் போட்டு இருபத்தைந்து நாளாயிற்று. நீங்களும் வரவில்லை, பதிலும் இல்லை. போன் செய்தால் அண்ணன், "பேசமாட்டேங்கிறாம்மா, சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கா" என்கிறார். இங்கே பதினொரு மணிக்குத் தபால் வரும். அந்த நேரத்துக்கு இவர் தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்கிறார். வாசலில் சைக்கிள் நிற்காமல் போனதும், "சரி, இறக்கு" என்கிறார். வாரம் மூன்று தடவை மெஷின் தாங்காது என்று இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். நேற்று பாதியில் ரத்த அழுத்தம் விழுந்து நிறுத்திவிட்டார்கள். ஏறும்போதும் நாற்பத்துநாலு, இறங்கும்போதும் நாற்பத்துநாலு.

கோபமாகவாவது நாலு வரி எழுதுங்கள் அண்ணி. திட்டியே எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

---

செப்டம்பர் 13

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் பொய் சொல்வாய்.

உன் கடிதம் வந்ததிலிருந்து இருபத்துநாலு நாளாக நான் நடக்கவில்லை. முதல் வாரம் படுத்தே கிடந்தேன். அப்புறம் கேண்டீனுக்குப் போய், கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, அண்டா பக்கத்தில் நின்றபடியே தின்றேன். பசி இல்லை. நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பாத்திரம் கழுவுகிற அம்மா கையைப் பிடித்தாள், அவளையும் திட்டினேன். எழுபத்துநாலு. பார்த்துக்கொள், நீ பொய் சொல்லிக் குறைத்ததை நான் தின்று ஏற்றினேன்.

உன்னை யார் கேட்டார்கள்? என்னைக் காப்பாற்று என்று உன்னிடம் வந்து நின்றேனா? ஒவ்வொரு சுற்றும் உனக்கு ஒரு நாள் என்று எண்ணி நடந்தேன்டா பாவி. நீ அங்கே படுத்துக்கொண்டு அந்த நாளையெல்லாம் என் பேரில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். மார்ச்சிலேயே சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேன். ஐந்து மாதம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஐந்து மாதத்தையும் தொழிற்சாலைச் சுவரைச் சுற்றியே தீர்த்துவிட்டேன். அதை யார் திருப்பித் தருவார்கள், சொல்.

இடது பக்கத்துச் சிறுநீரகத்தைத்தான் எடுப்போம் என்று ஜனவரியிலேயே சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்ததில்லை. அடுப்படியில் யாராவது இடிக்கவந்தால் இடது பக்கத்தைத் தள்ளி நிற்பேன். உன் பொருளை என்னிடம் கொடுத்துவைத்த மாதிரி பார்த்துக்கொண்டேன். இனி அதை நான் என்னடா செய்வது? செத்துப்போகிறவரை என்னிடமேதானே இருக்கும்.

உன் பெண்டாட்டி கடிதம் இன்று வந்தது. தலையணை விஷயம் படித்தேன். படித்துவிட்டு வெளியே போய் நடந்தேன். உனக்காகவும் இல்லை, எனக்காகவும் இல்லை. வீட்டுக்குள் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். மூன்று சுற்றில் மூச்சு வாங்கியது. நாளைக்கும் போவேன். நீ சொன்னதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை காலை வண்டி. இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும் என்கிறார் தபால்காரர். மாமாவும் வருகிறார். உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, வெறும் கையோடுதான் வருகிறேன். உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவேன். கோபம் தீரவில்லை, அதனால் பேச மாட்டேன். நீயும் பேசிக் களைத்துப்போகாதே.

மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். அதுவரை இரு.

அக்கா